லாட்டரிப் பரிசு மெயிலுக்கு அப்பா பதில் போட்டுவிட்டார், இப்போது 18,500 ரூபாய் கேட்கிறார்கள். என்ன செய்வது?

லண்டன் லாட்டரியில் 5 லட்சம் பவுண்டு விழுந்ததாம், பணம் ரிசர்வ் வங்கியில் நிற்கிறதாம், விடுவிக்க 18,500 கட்ட வேண்டுமாம். அப்பா ஆதார், பான் நகல்களையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அனுப்பிவிட்டார், பணம் மட்டும் இன்னும் கட்டவில்லை என்கிறீர்கள். நல்ல நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

அப்பாவிடம் "ஏமாந்துட்டீங்க" என்று ஆரம்பித்தால் கேட்கமாட்டார். இதைச் சொல்லுங்கள்: ரிசர்வ் வங்கி தனிநபர் யாருக்கும் கணக்கு வைத்திருப்பதில்லை. பரிசுக்கு வரி உண்டுதான், ஆனால் நம் நாட்டில் அதைப் பரிசு கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார், முன்கூட்டிக் கேட்கமாட்டார். வெளிநாட்டு லாட்டரிக்காக இங்கிருந்து பணம் அனுப்புவதே ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி தடை. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பா டிக்கெட்டே வாங்கவில்லை!

"அந்த 18,500ஐப் பரிசிலேயே கழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். "பணம் இன்ஷூரன்ஸில் இருக்கிறது, தொட முடியாது" என்ற பதில் தயாராக இருக்கும். ஒவ்வொரு பதிலும் இந்த ஆள் இன்னும் பேசுகிறார் என்றுதான் அவர்களுக்குச் சொல்லும். 18,500 கட்டினால் அடுத்து சுங்கவரி, பிறகு பணமோசடித் தடுப்புச் சான்றிதழ், பிறகு கரன்சி மாற்றுக் கட்டணம். தொகை ஏறிக்கொண்டே போகும். கட்டிய பணத்தை இழக்க மனமில்லாமல்தான் பலரும் அடுத்ததைக் கட்டுகிறார்கள்.

இது படிக்காதவர்கள் விழும் குழி இல்லை. நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவால் '419' என்றே பெயர் வாங்கிய மோசடி இது. 1990களில் அபுஜாவில் விமான நிலையம் கட்டும் ஒப்பந்தம் என்று நம்பி, பிரேசிலின் பான்கோ நொரோயெஸ்டே வங்கியின் உயர் அதிகாரி ஒருவர் வங்கிப் பணம் சுமார் 24 கோடி டாலரை அனுப்பினார். அப்படி ஒரு விமான நிலையத் திட்டமே கிடையாது.

இனி ஆக வேண்டியது. மெயிலை அழிக்காதீர்கள். ஜிமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போய் அந்தக் கோப்பை இறக்கி வையுங்கள். சும்மா ஃபார்வர்ட் செய்தால் அனுப்பிய சர்வர் விவரம் போய்விடும். அதில் 'ரிப்ளை-டூ' வரியைப் பாருங்கள். மேலே வங்கியின் பெயர் இருக்கும், பதில் போவது ஏதோ இலவச மெயிலுக்கு. சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் புகார் பதியுங்கள். ஒருவேளை உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால், யுடிஆர் எண்ணோடு (அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் எண்) உடனே 1930க்கும் வங்கிக்கும் போன். போன பணம் பெரும்பாலும் கமிஷனுக்கு வாடகைக்கு விட்ட யாரோ ஒருவரின் கணக்கில் விழுந்து, அங்கிருந்து சிதறிவிடும். அதற்குள் முடக்கினால்தான் உண்டு.

நகல்கள் போய்விட்டதால் ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அப்பா பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பாருங்கள். கிரெடிட் ரிப்போர்ட் வருடத்துக்கு ஒன்று இலவசம், புதுக் கடன் ஏதும் முளைத்திருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

என்னைக் கேட்டால் இவை எல்லாவற்றையும்விட ஆபத்து அந்தக் கணக்கு எண்தான். திடீரென்று 50,000 வரவாகும். "தவறி வந்துவிட்டது, 5,000 வைத்துக்கொண்டு மீதியை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்பார்கள். அது ஏமாந்த இன்னொருவரின் பணம். அனுப்பினால் காவல்துறை பிடித்து வரும் சங்கிலியில் அப்பாவின் கணக்கும் ஒரு கண்ணி. பென்ஷன் வரும் கணக்கே முடங்கும். அப்படி வரவு வந்தால் தொடாமல், கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.