பங்குனியில் டொராண்டோ போறீங்களா? கேள்விகளும் பதில்களும்

திருமங்கலத்திலிருந்து: மகள் பிரசவத்துக்கு மார்ச் கடைசியில கனடாவுக்கு, டொராண்டோ போறோம் சார். மார்ச் 20லயே வசந்தம் பிறந்துரும்னு மருமகன் சொல்றாரு. ஒரு ஸ்வெட்டர் பத்தாதா?

பத்தாதும்மா. மார்ச் 20 சூரியக் கணக்கு. பகலும் இரவும் சமமாகிற நாள், அவ்வளவுதான். தரையும் ஏரித் தண்ணியும் சூடாக இன்னும் ஒரு மாசத்துக்கு மேல ஆகும். மார்ச்சில் பகலே சராசரி 4, 5 டிகிரிதான். ராத்திரி மைனஸ் 4. கொடைக்கானல் மார்கழி விடியலைவிட அந்த ஊர் மதியம் குளிர். காத்து வேற இருக்கு: மைனஸ் 5ல மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அடிச்சா, தோலுக்கு மைனஸ் 13 மாதிரி உறைக்கும்.

தடி ஸ்வெட்டர் ஒண்ணைவிட மூணு அடுக்கா போடுறது நல்லது. உள்ளே தெர்மல் (உடம்பை ஒட்டிப் போடுற குளிர்கால உள்ளாடை), நடுவில் கம்பளி, வெளியே காத்தும் மழையும் புகாத ஜாக்கெட். பருத்தி பனியனை அடியில் போடாதீங்க. வியர்வையைப் பிடிச்சு வச்சுக்கிட்டு நடுங்க வைக்கும். சேலைக்குள்ளயும் தெர்மல் பேன்ட் போடலாம். பனி பூட்ஸை மதுரையில் தேடி அலைய வேண்டாம், அங்கே மார்ச்சில் தள்ளுபடியில் கிடைக்கும்.

மேலூரிலிருந்து: பனி உருகிருச்சுன்னா அப்புறம் வழுக்காதுல்ல?

அப்பதான் அதிகமா வழுக்கும். புதுப்பனியில் கால் புதையும், பிடிமானம் இருக்கும். மார்ச்சில், ஓரமா குவிச்ச பனி மதிய வெயிலில் உருகி நடைபாதையில் ஓடும். பொழுது சாஞ்சதும் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, அந்தத் தண்ணி கண்ணாடித் தகடா உறையும். அடியில் தரை தெரியறதால வெறும் ஈரம்னு நினைச்சு காலை வைப்போம். உப்பு தூவுவாங்க, ஆனா உருகி வர்ற தண்ணியில் உப்பு நீர்த்துப்போனா ராத்திரி மறுபடி உறைஞ்சிரும். அதனால காலை நடையை பத்து மணிக்கு மேல வச்சுக்கோங்க. அடி சின்னதா, பாதம் முழுசா ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்ச்சு நடக்கணும். கையை ஜாக்கெட் பையில் விட்டா விழும்போது ஊன்ற முடியாது. கையுறை போட்டு வெளியே வைங்க. கூரை விளிம்பில் கூரான பனிக்கட்டி தொங்கினா அதன் கீழே நிக்காதீங்க.

அண்ணாநகரிலிருந்து: உறைமழைன்னு சொல்றாங்களே அண்ணே, ஏப்ரல்லயும் வருமா?

வரும் தம்பி. 2018 ஏப்ரல் 14, 15ல, டொராண்டோ இருக்கிற தெற்கு ஒன்டாரியோவில் கொட்டுச்சு. மேலே இதமான காத்து அடுக்கில் பனி உருகி மழையாகுது; தரையை ஒட்டி மெல்லிசா உறைகுளிர் காத்து கிடக்குது. துளி குளிர்ந்தும் உறையாம வந்து, கிளை, கரண்ட் கம்பி எதைத் தொட்டாலும் பனிக்கட்டியா ஒட்டிக்கும். பாரம் தாங்காம கம்பி அறும். எச்சரிக்கை வந்ததும் போன், டார்ச் சார்ஜ் ஏத்திட்டு வீட்டிலேயே இருங்க.

உசிலம்பட்டியிலிருந்து: மகன் போன் பண்ற நேரம் மார்ச்சில் மாறுதே, ஏன்?

மார்ச் இரண்டாவது ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவாங்க. பத்தரை மணி வித்தியாசம் ஒன்பதரையாகும்.

செல்லூரிலிருந்து: அங்கே தொட்டியில் வச்ச கறிவேப்பிலையை எப்ப வெளியே எடுக்கலாம்?

ஏப்ரல் வெயிலை நம்பி எடுத்தா ஒரே ராத்திரியில் இலை கருகிரும். மே கடைசி வரை பொறுங்க, ராத்திரி 10 டிகிரிக்குக் கீழே போகாம இருக்கட்டும். முதல் வாரம் நிழலில் பகல் மட்டும் வச்சு, சாயங்காலம் உள்ளே எடுத்துருங்க.