அப்பாவுக்குச் சர்க்கரையால் சிறுநீரகப் பாதிப்பு, அட்டை விடலாமா?

உங்கள் அப்பாவுக்குச் சிறுநீரில் புரதம் போகிறது, இரத்தம் உறிஞ்சும் அட்டையிலிருந்து எடுக்கும் மருந்து சிறுநீரகத்தைக் காக்கும் என்று படித்தீர்கள், அரூர்ப் பக்கம் ஒருவரிடம் அட்டை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பாலக்கோட்டில் பதினெட்டு ஆண்டுகளாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன்; காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. அட்டையின் எச்சிலில் ஹிருடின் என்ற புரதம் இருக்கிறது. இரத்தத்தை உறைய வைக்கும் திராம்பினை அது இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தத் திராம்பின் உறைய வைப்பதோடு நிற்பதில்லை. சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரக வடிகட்டியில் அழற்சியையும் தழும்பையும் தூண்டிவிடுகிறது. சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்கு ஹிருடின் கொடுத்தபோது சிறுநீரகச் சேதம் குறைந்தது.

ஆனால் ஹிருடின் சிறிய புரதம், மூலக்கூறு எடை சுமார் 7,000 டால்டன். இரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல் பெரியது. நல்ல சிறுநீரகம் ஹிருடினைச் சில மணி நேரத்தில் வடித்து அனுப்பிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் முடியாது, மருந்து உடம்பிலேயே தங்கி இரத்தக்கசிவு வரும். லெபிருடின் என்ற பெயரில் அதை ஊசி மருந்தாக விற்ற காலத்தில், 'உப்பு' (சிறுநீரகம் வடிக்க வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு) ஏறியவர்களுக்கு அளவைப் பெரிதும் குறைக்க வேண்டியிருந்தது. 2012-இல் அந்த மருந்தும் சந்தையை விட்டுப் போனது.

அதனால்தான் சிறுநீரகத்தில் மட்டும் மருந்தை இறக்க வழி தேடுகிறார்கள். நம் பக்கத்துச் சாமனப்பள்ளியில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை உரியவர் வாசலில் கொடுக்கிறதே, அதுபோல. மருந்தை நுண்துகளில் ஏற்றுகிறார்கள். துகள் ஐந்தாறு நானோமீட்டருக்கும் சிறிதானால் சிறுநீரோடு போய்விடும். பெரிதானால் கல்லீரலும் மண்ணீரலும் வழியிலேயே பிடித்துக்கொள்ளும். இது இன்னும் ஆய்வுக்கூட வேலைதான். காலில் கடிக்கும் அட்டைக்குச் சிறுநீரகத்தின் முகவரி தெரியாது.

காவேரிப்பட்டணத்தில் என் சித்தப்பாவுக்குக் காலில் ஆறாத புண். யாரோ சொன்னார்கள் என்று மூன்று அட்டை விட்டார்கள். அவர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறாரா, சிறுநீரகம் எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. இரவெல்லாம் கசிந்தது. சித்தி பழைய வேட்டியைக் கிழித்துக் கிழித்துக் கட்டியிருக்கிறார். விடியற்காலையில் நான் போய்த் துணியை விலக்கினேன். மூன்று கீற்றுகள் ஒரு புள்ளியில் கூடிய சின்னக் காயம், அதில் மறுபடியும் மெல்ல இரத்தம் ஊறியது. அட்டையின் குடலில் வாழும் ஏரோமோனாஸ் கிருமியால் புண் சீழ் பிடிக்கும் ஆபத்து வேறு. சித்த மருத்துவத்தில் அட்டை விடல் முறையான சிகிச்சை, அதை நான் மதிக்கிறேன். உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு, கேள்வி கேட்காமல் செய்வதைத்தான் எதிர்க்கிறேன்.

அப்பாவுக்கு இன்றே கிடைக்கும் மருந்துகள் உண்டு. லோசார்டான் வகை மாத்திரைகள் புரத ஒழுக்கைக் குறைக்கின்றன. டபாகிளிஃப்ளோசின், ஃபினெரினோன் இரண்டும் சிறுநீரகம் கெடும் வேகத்தைத் தணிப்பதாகப் பெரிய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்து முடிவு செய்வார்.

சிறுநீர் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் எடுத்தீர்களா? ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்கு மேலா, 300-க்கு மேலா? அந்த எண்ணையும், அப்பா இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.