வாழை வேர் நூற்புழுவை எப்படி எதிர்க்கிறது?

ஜி9 (கிராண்ட் நைன்) என்ற வாழை ரகத்தின் வேரை நூற்புழு அரித்து மரம் சாய்கிறது, சில ரகங்கள் மட்டும் தாங்குவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேரைக் குடையும் ரடோபோலஸ் சிமிலிஸ் என்ற நூற்புழு தாக்கியதும், வாழை அந்தப் புண்ணிலேயே புழுவுக்கு நஞ்சாகும் ஃபீனைல்ஃபீனலீனோன் வகைச் சேர்மங்களைத் தயாரிக்கிறது. ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. எதிர்ப்புள்ள யாங்காம்பி கேஎம்5 ரகத்தையும் ஜி9-ஐயும் ஒப்பிட்டார்கள். இரண்டுமே இந்தச் சேர்மங்களைச் செய்கின்றன. யாங்காம்பியின் புண்ணில் அவற்றின் செறிவு மிக அதிகம். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: இருக்கிறதா என்பதைவிட, கடிபட்ட இடத்தில் எவ்வளவு சேர்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

இவற்றில் வீரியமானது அனிகோரூஃபோன். புழுவின் உடலில் அது கொழுப்புத் துளிகளில் போய்த் தேங்குகிறது. துளிகள் பெருக, புழு இறக்கிறது.

ஜி9-இன் சொந்த எதிர்ப்பை மட்டும் நம்ப முடியாது. பக்கக்கன்று நடுபவர்கள் கிழங்கில் அழுகிய வேரையும் கறுத்த பகுதியையும் சீவிவிட்டு நடுங்கள். திசு வளர்ப்புக் கன்று புழுவின்றி வரும், ஆனால் மண்ணில் புழு இருந்தால் அதுவும் தாக்கப்படும்.