வாயைத் திறக்காத ஏழு மாதக் குழந்தை: அம்மாக்கள் கேட்டவையும் என் பதில்களும்

குழந்தைகளின் உணவு குறித்து ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. தாய்ப்பாலை ஆசையாகக் குடித்துவிட்டு, சோறு என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைகளைப் பற்றித்தான் இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

சேலத்திலிருந்து ஓர் அம்மா: அக்கா, பையனுக்கு ஏழரை மாசம். ஆறு மாசம் முடிஞ்ச உடனே ராகிக் கூழ் ஆரம்பிச்சேன். கரண்டியைப் பார்த்தாலே உதட்டை இறுக்கிக்கிறான். பால் மட்டும் கேட்டுக் கேட்டுக் குடிக்கிறான். "பாலை நிறுத்து, பசிச்சா தானா சாப்பிடுவான்"னு எங்க அத்தை சொல்றாங்க. நிறுத்திடலாமா?

நிறுத்த வேண்டாம், தங்கச்சி. ஆறிலிருந்து எட்டு மாதம் வரை தாய்ப்பால் தவிர்த்த மற்ற உணவிலிருந்து ஒரு குழந்தைக்குத் தேவைப்படுவது நாளைக்குச் சுமார் 200 கலோரிதான். மிச்சத்தை உங்கள் பால் கொடுத்துவிடுகிறது. ஒன்பதிலிருந்து பதினொரு மாதத்தில் அது 300 ஆகும். ஒரு வயதுக்குப் பிறகுதான் 550 வரை போகும். பாலை நிறுத்தினால் கையில் இருப்பதும் போய்விடும். பசியில் வீறிட்டு அழுகிற பிள்ளைக்குப் புதிதாக எதையும் பழகிக்கொள்ளும் பொறுமை இருக்காது. இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அத்தையின் கவலை நியாயமானதுதான், வழியை மட்டும் மாற்றிக்கொள்வோம்.

மாற்ற வேண்டியது நேரத்தை. வயிறு முட்டப் பால் குடித்தவுடன் கரண்டியை நீட்டினால் எந்தக் குழந்தையும் மறுக்கும். பால் கொடுத்து ஒரு மணி நேரம் போல ஆகட்டும். தூங்கி எழுந்து, முகம் தெளிந்து, விளையாடிக்கொண்டிருக்கும் வேளையைப் பிடியுங்கள். முதுகுக்கு ஆதரவு கொடுத்து நிமிர்ந்து உட்கார வையுங்கள். உணவை அவன் வாய்க்குள் நீங்களாக வைக்காதீர்கள். உதட்டருகே கொண்டுபோய் நிறுத்துங்கள், அவனே முன்னால் வந்து வாயைத் திறக்கட்டும். முகத்தைத் திருப்பினால் அந்த வேளைக்கு அவ்வளவுதான். சிரித்த முகத்தோடு கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். திருப்பிய முகத்தை மறுபடி பிடித்துத் திருப்பி ஊட்டும்போதுதான் கரண்டி என்றாலே பயம் என்பது அவன் மனதில் பதிகிறது. இப்போது அவன் உதட்டை இறுக்குவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியிருந்தால் நான்கைந்து நாளைக்குக் கரண்டியே வேண்டாம். நீங்கள் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார வைத்து, அவன் முன்னால் ஒரு துண்டு இட்லி, கொஞ்சம் குழைந்த பருப்புச் சோறு வையுங்கள். பிசையட்டும், பூசிக்கொள்ளட்டும், விரலைத் தானே வாயில் வைக்கட்டும். இட்லியைக் கொஞ்சம் தாய்ப்பால் விட்டு மசித்துக் கொடுத்தால் தெரிந்த ருசி என்று வாயில் வாங்குகிற குழந்தைகள் உண்டு.

நீங்கள் மடியில் வைத்து ஊட்டினால் பால் வாசனைக்கு மார்பைத்தான் தேடுவான். தினமும் ஒரு வேளையை அப்பாவோ தாத்தாவோ ஊட்டட்டும்.

ஒரு உணவை இரண்டு நாள் துப்பியதும் "இவனுக்குப் பிடிக்கல" என்று முடிவுகட்டாதீர்கள். எட்டு, பத்து முறை, சில நேரம் பதினைந்து முறைகூடக் காட்ட வேண்டியிருக்கும். ருசியை அவன் ஏற்கெனவே உங்கள் வழியாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான். அமெரிக்காவில் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் ஜூலி மெனெல்லா குழுவினர் செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கர்ப்ப காலத்திலோ பால் கொடுக்கும்போதோ கேரட் சாறு குடித்து வந்த அம்மாக்களின் குழந்தைகள், கேரட் கலந்த உணவைச் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் சீரகமும் பூண்டும் மஞ்சளும் சாப்பிடுகிறவர் என்றால் அவனுக்கும் அவை புதிதல்ல. இனிப்புக் கூழ் மட்டும்தான் குழந்தை உணவு என்று நினைக்க வேண்டாம். காரமில்லாத ரசத்தில் குழைத்த சோற்றையும் கொடுத்துப் பாருங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு பாட்டி: எங்க காலத்துல காலை நீட்டிப் பிள்ளையைப் படுக்கப்போட்டு சங்குல ஊத்திடுவோம். நாலு பிள்ளையும் நல்லாத்தான் வளர்ந்துச்சு. என் மக பேத்திக்கு அப்படிக் கொடுக்க விடமாட்டேங்கறா. பிள்ளை இளைச்சுப்போகுது. நீங்களே சொல்லுங்க.

நாலு பிள்ளைகளை வளர்த்த கை உங்கள் கை, அம்மா. பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் கேட்கிறீர்கள். ஆனாலும் இந்த விஷயத்தில் உங்கள் மகள் சொல்வதுதான் சரி. அழுகிற குழந்தை ஒவ்வொரு விம்மலுக்கும் மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரத்தில் மல்லாந்த வாயில் கூழை ஊற்றினால் அது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம். புரையேறி நுரையீரலில் சளி கட்டி மருத்துவமனைக்கு வருகிற குழந்தைகள் இன்றும் இருக்கிறார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவது இன்னும் ஆபத்து.

இன்னொன்றும் பாருங்கள். சங்கில் ஊற்ற வேண்டுமென்றால் கூழ் தண்ணீராக இருந்தாக வேண்டும். எட்டுக் கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது ஏறக்குறைய 240 மில்லிதான். பருப்புத் தண்ணி, கஞ்சித் தண்ணி என்று ஊற்றி அதை நிரப்பினால் வயிறுதான் நிறையும், உடம்பில் சதை பிடிக்காது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம்தான் கணக்கு. பருப்பையே மசித்துப் போடுங்கள், ஒரு சின்ன கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விடுங்கள். அந்த ஒரு கரண்டியிலேயே 40 கலோரி கூடிவிடும். பேத்தி நாலு வாய்தான் வாங்குகிறாள் என்றால் அந்த நாலு வாயும் சத்தாக இருக்கட்டும். உங்கள் கைப்பக்குவம் இங்கேதான் வேண்டும், அம்மா.

விழுப்புரம் பக்கத்திலிருந்து: எட்டு மாசப் பொண்ணு சாப்பிடாததால தொக்கம் எடுக்கச் சொல்றாங்க. தொண்டைல ஏதோ மாட்டியிருக்குன்னு. போகலாமா அக்கா?

வேண்டவே வேண்டாம். தொண்டையில் உண்மையாகவே ஏதாவது அடைத்திருந்தால் குழந்தையால் பாலைக்கூட விழுங்க முடியாது, எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை. நன்றாகப் பால் குடித்துச் சிரித்து விளையாடும் பிள்ளையின் வாயில் விரலை விடுவதும், ஊதுவதும், வயிற்றை நீவுவதும் காயத்தையும் கிருமியையும்தான் கொண்டுவரும். எடுத்த பிறகு ஏதோ ஒன்று வெளியே வந்ததாகக் காட்டுவார்கள். அதைப் பார்த்து நம்ப வேண்டாம். சாப்பிடாததற்குக் காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. மூக்கடைப்பு, பல் முளைக்கும் ஈறு வலி, வாய்ப்புண், நாக்கில் வெள்ளைப் படலம், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சளி பிடித்த வாரத்தில் எந்தக் குழந்தையும் சரியாகச் சாப்பிடாது. அப்போது பாலைக் கூட்டிக் கொடுங்கள், குணமானதும் உணவு தானாகக் கூடும்.

கோயம்புத்தூரிலிருந்து: இன்னும் ரெண்டு வாரத்துல வேலைக்குப் போகணும் மேடம். பாட்டிலும் பிடிக்க மாட்டான், சாப்பாடும் வாங்க மாட்டான். நினைச்சாலே அழுகையா வருது.

2017இல் சட்டத்தைத் திருத்திப் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கினார்கள். அது சரியாக ஆறாம் மாதத்தில், திட உணவு தொடங்கும் நாளில் முடிந்துபோகிறது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021இலிருந்து 12 மாதம் கிடைக்கிறது. தனியார் வேலையில் இருக்கிற பெண்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

பாட்டிலை மறந்துவிடுங்கள். ஆறு மாதக் குழந்தை சின்ன டம்ளரின் விளிம்பிலிருந்தே உறிஞ்சிக் குடிக்கப் பழகும். இன்றிலிருந்தே தினமும் ஒரு முறை, எடுத்து வைத்த பாலை டம்ளரில் காட்டுங்கள். யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்களோ அவர்களே கொடுக்கட்டும், நீங்கள் பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள். எடுத்த பால் வெளியே நாலு மணி நேரம், குளிர்சாதனப் பெட்டிக்குள் நாலு நாள் தாங்கும். வெயில் காலத்தில் வெளியே வைக்காமல் உடனே உள்ளே வைத்துவிடுங்கள். டம்ளரில் குடிக்கவில்லை என்றால் அதே பாலில் இட்லியை மசிக்கலாம், மசித்த வாழைப்பழத்தோடு கலக்கலாம். தயிர்ச் சோறும் கொடுக்கலாம்.

பகலில் குறைவாகச் சாப்பிட்டுவிட்டு, நீங்கள் வந்ததிலிருந்து இரவு முழுவதும் பால் கேட்பான். பல குழந்தைகள் அப்படித்தான் ஈடுகட்டிக்கொள்ளும். சில வாரங்கள் உங்களுக்குத் தூக்கம் கெடும், ஆனால் அவன் பட்டினி கிடக்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து ஓர் அப்பா: கொஞ்சம் கெட்டியாக் கொடுத்தாலே ஓங்கரிக்கிறா. பயந்துபோய் எல்லாத்தையும் மிக்சில அரைச்சுத்தான் கொடுக்கிறோம். இப்போ ஒன்பது மாசம்.

தம்பி, ஓங்கரிப்பது வேறு, மூச்சடைப்பது வேறு. ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் நமக்குத் தொண்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது, குழந்தைக்கு நாக்கில் இன்னும் முன்னாலேயே இருக்கிறது. கட்டி பட்டதும் முகம் சிவந்து, சத்தம் போட்டு, அதை முன்னால் தள்ளிவிடும். அது பாதுகாப்புதான். நீங்கள் பதறி வாய்க்குள் விரல் விட்டால் உள்ளே தள்ளிவிட வாய்ப்பு உண்டு. பக்கத்தில் அமைதியாக இருங்கள்.

மூச்சடைப்பில் சத்தமே வராது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலமாகும். உடனே குழந்தையைக் கவிழ்த்து, தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. வரவில்லை என்றால் திருப்பி, நெஞ்சின் நடு எலும்பில் 5 அழுத்தம். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். இதை ஒரு முறையாவது மருத்துவரிடமோ செவிலியரிடமோ நேரில் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கேரட், ஆப்பிள் துண்டு, முழுக் கொண்டைக்கடலை வீட்டில் சிறுகுழந்தை இருக்கும்வரை அதன் கைக்கு எட்டவே கூடாது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்கும் எதுவும் சரி.

மிக்சியை இன்றே நிறுத்துங்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 92இல் பிறந்த குழந்தைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒன்பது மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைப் பார்த்த குழந்தைகளுக்கு ஏழு வயதிலும் சாப்பாட்டில் சிக்கல் அதிகமாக இருந்தது. உங்களுக்கு நேரம் கைவிட்டுப் போகவில்லை, இனியும் தள்ளிப்போடாதீர்கள். கரண்டியின் பின்புறத்தால் மசியுங்கள், அடுத்த வாரம் கையால் பிசையுங்கள், அதற்கடுத்து வேகவைத்த பூசணி, உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கையில் கொடுங்கள்.

மதுரையிலிருந்து: போன்ல பாட்டு போட்டா மட்டும் வாயைத் திறக்கிறான். தப்பா?

திறக்கிறான், ஆனால் என்ன சாப்பிடுகிறோம், வயிறு நிறைந்ததா என்பது அவனுக்குத் தெரிவதில்லை. ஒரு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. இரண்டு மூன்று நாள் பட்டினிபோல் தோன்றும். பால் இருக்கிறது, தாங்குவான். போனை எடுத்துவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: பத்து மாசம் ஆகுது அக்கா. எடை ரெண்டு மாசமா நகரவே இல்லை. முகம் வெளுத்த மாதிரி இருக்கு. ராகி மட்டும் கொஞ்சம் சாப்பிடுவா.

இதற்கு மட்டும் பொறுத்துப் பார்க்கச் சொல்ல மாட்டேன். இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள், ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். பிறக்கும்போது குழந்தை சேர்த்து வைத்துக்கொண்டு வரும் இரும்புச்சத்து ஆறு மாதத்தில் தீரத் தொடங்கும். குறைப்பிரசவத்திலும் எடை குறைவாகவும் பிறந்த குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே தீரும். தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூட இரும்பு கிடையாது. இரும்புச்சத்து குறைந்தால் பசியே மந்தமாகிவிடும். சாப்பிடாததால் சோகை, சோகையால் இன்னும் சாப்பிடாமை என்று வளர்ந்துகொண்டே போகும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எனக்கு வரும் கேள்விகளில் இதைத்தான் மிக அதிகமாகக் கவலையோடு பார்க்கிறேன்.

ராகி நல்ல உணவுதான். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் இரும்புக்கு ராகியை மட்டும் நம்ப முடியாது, அதிலுள்ள ஃபைட்டேட் என்ற இயற்கைப் பொருள் இரும்பை உடம்பில் சரியாகச் சேர விடாது. முளைகட்டினால் கொஞ்சம் குறையும், கூடவே எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு, தக்காளி, நெல்லிக்காய் என்று வைட்டமின் சி சேர்த்தால் நன்றாகச் சேரும். அசைவம் சாப்பிடுகிற வீடு என்றால் நன்றாக வெந்து மசித்த கோழி ஈரல் வாரம் ஒரு முறை ஒரு கரண்டி, முள் பார்த்து எடுத்த சங்கரா மீன், முட்டை. சைவ வீட்டில் பாசிப்பயறு, பொட்டுக்கடலை மாவு, கீரை. அரசுத் திட்டத்தில் ஆறு மாதத்திலிருந்து வாரம் இரு முறை 1 மில்லி இரும்பு, ஃபோலிக் அமில சிரப் கொடுக்கிறார்கள். அதில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேளுங்கள். சோகை இருந்தால் அளவு வேறு, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இந்த சிரப்பால் மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

எடையைத் தாய் சேய் நல அட்டையிலுள்ள வளர்ச்சிக் கோட்டில் குறித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம். ஒவ்வொரு வாய்க்கும் இருமுவது, எட்டு ஒன்பது மாதத்திலும் உட்கார முடியாமல் இருப்பது, எதைத் தொட்டாலும் வாந்தி, இவையும் மருத்துவரிடம் போக வேண்டியவையே.

சென்னையிலிருந்து: உப்பு, சர்க்கரை, தேன், பசும்பால், முட்டை, எதை எப்போ கொடுக்கலாம்?

ஒரு வயதுவரை உப்பும் சர்க்கரையும் தேவையே இல்லை. நாட்டுச்சர்க்கரையும் கருப்பட்டியும் இதில் அடக்கம். அங்கன்வாடி சத்துமாவில் வெல்லம் சேர்ந்திருக்கிறது, அதில் மேலும் இனிப்புப் போடாதீர்கள். தேன் ஒரு வயதுக்கு முன் நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். பசும்பாலைக் குடிக்கும் பாலாக ஒரு வயதுக்குப் பிறகு கொடுங்கள், தயிராக முன்பே கொடுக்கலாம். முட்டை ஆறு மாதத்திலிருந்தே, வெள்ளைக்கருவும் சேர்த்து, நன்றாக வேகவைத்து. வேர்க்கடலையையும் நைசாக அரைத்துக் கூழில் கலந்து முதல் வயதுக்குள் பழக்கிவிடுங்கள், தள்ளிப்போட்டால்தான் ஒவ்வாமை கூடுகிறது என்று 2015இல் வெளியான லண்டன் ஆய்வு காட்டியது. கடுமையான தோல் அரிப்பு உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கொதித்து ஆறிய தண்ணீர், சாப்பாட்டோடு டம்ளரில் இரண்டு மூன்று மடக்கு போதும்.