பாத்திரம் கழுவியவரின் குரல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மாதம் ஒருமுறை நண்பர்கள் ஏழெட்டுப் பேர் என் வீட்டு மாடியில் கூடி, ஒரு இசைத்தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டுப் பேசுவோம். போன வாரம் நீங்கள் முன்பு பேச்சுவாக்கில் சொன்ன அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ராண்டி டிராவிஸின் ‘ஸ்டார்ம்ஸ் ஆஃப் லைஃப்’ தொகுப்பைப் போட்டேன். 1986-இல் வந்தது. பத்துப் பாட்டும் முடிந்ததும் கிட்டத்தட்ட சண்டை. “எல்லாம் ஒரே பாட்டுதான்” என்றார் ஒருவர். கிடார் வாசிக்கும் நண்பர், “பழைய ஆட்களின் பாணியை நகல் எடுத்திருக்கிறார், இதில் இவர் செய்தது என்ன?” என்றார். இன்னொருவர் இதற்கு நேரெதிர். “அமெரிக்கக் கிராமத்து மண்ணிலிருந்து வந்த கன்ட்ரி இசை கலப்படமில்லாமல் இதுதான், மற்றதெல்லாம் பாப்” என்று அடித்துப் பேசினார். எனக்குப் பிடித்திருந்தது. ஏன் என்று அவர்களிடம் சொல்லத்தான் வரவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகர், கோவை)

அன்புள்ள நண்பருக்கு,

பாட்டு வரிகளைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தீர்களா? இல்லை என்றால் ‘ஒரே பாட்டு’ என்றவர்மேல் தப்பில்லை. மூன்று நான்கு கார்டுகள் (கிடாரில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்), நிதானமான தாளம், தந்திமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஒரு ஸ்டீல் கிடார், ஒரு ஃபிடில். (நம் கச்சேரி நோட்டீஸ்களில் ‘பிடில் வித்வான்’ என்று போடுவார்களே, அதே வாத்தியம்தான்.) மெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஐந்தாவது பாட்டில் எவருக்கும் கொட்டாவி வரும். இந்த இசையில் மெட்டு என்பது டீக்கடை பெஞ்சு மாதிரி. அதில் உட்கார்ந்து என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

‘ஆன் த அதர் ஹேண்ட்’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதற்கு ‘இன்னொரு பக்கம் பார்த்தால்’ என்று பொருள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘மற்றொரு கையில்’. கல்யாணமான ஒருவன் வேறொரு பெண்ணோடு இருக்கிறான். அவளோடு தங்கிவிட என்னென்ன காரணம் உண்டு என்று ஒரு பக்கமாக எண்ணிக்கொண்டே வருகிறான். மற்றொரு கையில் தங்கக் கல்யாண மோதிரம் இருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. பால் ஓவர்ஸ்ட்ரீட், டான் ஷ்லிட்ஸ் இருவரும் எழுதியது. கொஞ்சம் தவறினாலும் பட்டிமன்றச் சிலேடையாகியிருக்கும். ராண்டி அதைத் துளிகூடக் கண் சிமிட்டாமல் பாடுகிறார். சிலேடை என்பதே இரண்டாவது முறை கேட்கும்போதுதான் உறைக்கிறது.

‘1982’ என்ற பாட்டில் ஒருவன் டெலிபோன் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, 1982-ஆம் வருடத்துக்கு லைன் கொடுங்கள் என்று கேட்கிறான். ட்ரங்க் கால் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அது உடனே புரியும். பாட்டு 1985 கடைசியில் வெளிவந்தது. அப்படியென்றால் அவன் கேட்பது வெறும் மூன்று வருடம் பின்னால். இருபது வருடம் என்றால் சுகமான ஏக்கமாக இருந்திருக்கும். மூன்று வருடத்துக் காயம் இன்னும் ஈரமாகவே இருக்கும்.

அப்புறம் ‘டிக்கிங் அப் போன்ஸ்’. பிரிந்துபோனவளின் கடிதங்களையும் படங்களையும் ராத்திரியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் ஒருவன். எலும்பைத் தோண்டுகிறேன் என்கிறான். புதைத்த பிணத்தைத் திரும்ப எடுப்பதற்குச் சொல்லும் ‘எக்ஸ்யூம்’ என்ற போலீஸ்–கோர்ட்டு வார்த்தை பல்லவியிலேயே வருகிறது, அதுவும் கால் தானாகத் தாளம் போடும் ஒரு துள்ளலான மெட்டில். (எழுதிய மூவரில் ஒருவர் பெயர் ஆல் கோர். அமெரிக்கத் துணை அதிபராக இருந்தவர் இல்லை, வேறு ஆள்.)

எல்லாமே இந்தத் தரம் என்று சொல்ல மாட்டேன். ‘மெஸ்ஸின் வித் மை மைண்ட்’ வரும்போது நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன்.

சரி, நகல் என்றவருக்கு வருகிறேன். 1980-இல் கன்ட்ரி பாட்டுகளோடு வந்த ‘அர்பன் கௌபாய்’ படம் ஓடு ஓடென்று ஓடிய பிறகு நாஷ்வில் நகரத்துக் கம்பெனிகள் பாப் ரசிகர்களையும் பிடிக்கலாம் என்று மெத்தென்ற இசையாகப் போட்டுக்கொண்டிருந்தன. ராண்டி அப்போது நாஷ்வில் பேலஸ் என்ற கிளப்பின் சமையலறையில் மீன் பொரித்து, பாத்திரம் கழுவி, இடையில் மேடையேறிப் பாடிக்கொண்டிருந்தார். கம்பெனிகள் அவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தன. ‘ரொம்பவும் கன்ட்ரியாக இருக்கிறது’ என்பது காரணம். கன்ட்ரி இசையின் தலைநகரில்! 1985-இல் வார்னர் கம்பெனியின் மார்த்தா ஷார்ப் அவரை எடுத்துக்கொண்டார். ‘ஆன் த அதர் ஹேண்ட்’ வெளியாகி, பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் 67-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. அடுத்து வந்த ‘1982’ ஆறாம் இடம்வரை போனது. உடனே பழைய பாட்டைத் தூசிதட்டித் திரும்ப வெளியிட்டார்கள். முதலிடம். பதிவில் ஒரு சுரம்கூட மாறவில்லை. தொகுப்பு அமெரிக்காவில் முப்பது லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது.

முந்தைய தலைமுறைக் கன்ட்ரி பாடகர்களான லெஃப்டி ஃப்ரிஸெல், ஜார்ஜ் ஜோன்ஸ், மெர்ல் ஹேகர்ட் மூவரின் சாயலும் அவரிடம் உண்டு, மறுக்க முடியாது. ஒரு உயிரெழுத்தை நீட்டி இரண்டு மூன்று சுரங்களில் வளைப்பது லெஃப்டியின் வழி. (கமகம் என்று சொல்லிவிடாதீர்கள், என் நண்பர் ஒருவர் அடிக்க வருவார்.) ராண்டி அந்த வளைவை வைத்துக்கொண்டு, அழுகையைக் குறைத்துவிட்டார். வரியின் முடிவில் குரல் அடிமட்டத்துக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும். இருபதுகளில் இருந்த ஒருவர் ஐம்பது வயது ஆள் மாதிரி ஒலிப்பது அதனால்தான்.

கலப்படமில்லாதது என்ற நண்பருக்கு ஒரு செய்தி. இந்தத் தொகுப்பின் முக்கியத் தயாரிப்பாளர் கைல் லெனிங், 1970-களில் ‘இங்லண்ட் டான் – ஜான் ஃபோர்டு கோலி’ என்ற அமெரிக்க ஜோடியின் மென்மையான பாப் பாட்டுகளைத் தயாரித்தவர். ராண்டியின் குரலைச் சுற்றி இத்தனை இடம் விட்டு, வாத்தியங்களை இவ்வளவு சுத்தமாகப் பதிந்தது அந்தக் கை. இன்னும் பின்னால் போனாலும் சுத்தம் கிடைக்காது. ஸ்டீல் கிடார் ஹவாயிலிருந்து வந்தது. பான்ஜோ என்ற தந்தி வாத்தியம் ஆப்பிரிக்க அடிமைகளோடு வந்தது. ஃபிடில் மெட்டுகளில் பல அயர்லாந்து, ஸ்காட்லாந்துக்காரர்களுடையவை. 1927-இல் அமெரிக்காவின் பிரிஸ்டல் ஊரில் முதன்முதலாகப் பதிவுசெய்யப்பட்ட ஆதி கன்ட்ரி பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் பிறகு பெயர் வாங்கியது, ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் குரலைச் சட்டென்று உச்சத்துக்குத் தாவவிட்டுப் பாடும் யோடலிங்கைக் கலந்து பாடித்தான். 1950-களின் கடைசியில் நாஷ்வில் தயாரிப்பாளர்கள் செட் அட்கின்ஸும் ஓவன் பிராட்லியும் கிராமத்துப் பாணி ஒற்றை ஃபிடிலை ஓரங்கட்டிவிட்டு, ஆர்கெஸ்ட்ரா பாணி வயலின் கூட்டத்தையும் கோரஸையும் கொண்டுவந்தபோதும் ‘கன்ட்ரி செத்தது’ என்றார்கள். அந்தப் பதிவுகளைத்தான் இன்று ‘ஆகா, அந்தக் காலம்’ என்கிறார்கள். உங்கள் நண்பர் எந்த வருடத்துக் கன்ட்ரியைச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் ஒன்று செய்யலாம். கிடார் நண்பரிடம் ‘ஆன் த அதர் ஹேண்ட்’ பாட்டை வாசிக்கக் கொடுங்கள். கார்டுகள் ஐந்து நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். பிறகு பாடவும் சொல்லுங்கள். மோதிரம் வரும் இடத்தில் அவர் குரல் என்ன செய்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.