புது மாடலுக்குக் கூடுதல் பணம் போடலாமா?

மூன்று வருடப் போன், மதியத்துக்குள் சார்ஜ் தீர்கிறது, இந்த வருட மாடலா போன வருட மாடலா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் முன்னால் பேட்டரியை மாற்றிப் பாருங்களேன். லித்தியம் பேட்டரி 500 முறை முழுதாக சார்ஜ் ஆனதும் ஐந்தில் ஒரு பங்கு கொள்ளளவை இழப்பது சகஜம். என் பழைய போனும் 30 சதவீதம் காட்டிக்கொண்டே பொசுக்கென்று அணையும். பேட்டரி மாற்றியதும் இன்னும் ஒன்றரை வருடம் ஓடியது.

வாங்கியே தீரவேண்டும் என்றால் மெகாபிக்சலை விடுங்கள், போனின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் செக்யூரிட்டி அப்டேட் எதுவரை வரும் என்று பாருங்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடாது, மாடல் வெளியான நாளிலிருந்துதான். 2023-ல் வந்த தன் பிக்சல் 8 போனுக்கு கூகுள் 7 வருடம் என்றது. ஒரு வருடம் தாமதித்து வாங்கியவருக்கும் 6 வருடம் மிச்சம். அப்படிப்பட்ட போனில் போன வருட மாடலே தாராளம். மொத்தமே 3 வருடம்தான் என்றால், நான்கு வருடம் வைத்திருக்கப்போகும் உங்களுக்குப் புது மாடல்கூடப் பத்தாது, வேறு போன் பாருங்கள்.

அப்புறம், மெமரி கார்டு போட வழியில்லாத போன் என்றால் மிச்சமாகும் பணத்தில் 128 ஜிபிக்குப் பதில் 256 எடுத்துவிடுங்கள். குழந்தை வீடியோக்கள் நிறைய என்கிறீர்களே.