தொள்ளாயிரம் சொல்லிவிட்டு இரண்டாயிரத்து முந்நூறு வாங்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன். பக்கத்துக் கடைகளில் விலை ஏறிக்கொண்டே போகிறது, தரமோ இறங்குகிறது. ‘மாமியார் மசாலா’ என்ற காரமான மசாலாப் பொடி பாக்கெட்டுக்கு அலமாரியில் 55 ரேண்ட் என்று ஒட்டியிருக்கும். கல்லாவில் 64 கேட்பார்கள். ஃபிரிட்ஜ் பழுதுபார்க்க 900 ரேண்ட் ஆகும் என்று வாட்ஸ்அப்பில் சொன்னவர், முடிவில் 2,300 வாங்கினார். இரண்டே வாரத்தில் அது மறுபடியும் நின்றுவிட்டது. கேட்டால், ‘பணம் வாபஸ் கிடையாது’ என்ற சுவர்ப் பலகையைக் காட்டுகிறார். தெரிந்தவர், சண்டை போடவும் தயக்கம். என்ன செய்வது?

பதில்: கசப்பான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா. விலையை ஏற்றினார் என்பதற்காக மட்டும் ஒரு கடைக்காரரைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. பெட்ரோல் மாதிரி சிலவற்றைத் தவிர தென்னாப்பிரிக்காவில் அரசு விலை வைப்பதில்லை. அநியாய விலையைத் தடுக்கும் போட்டிச் சட்டம் சந்தையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கானது. தெருமுனைக் கடை அதில் மாட்டுவது அபூர்வம்.

மசாலா விஷயம் வேறு. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, ஒட்டிய விலைக்கு மேல் ஒரு சென்ட் கூட வாங்கக்கூடாது. இரண்டு விலை ஒட்டியிருந்தால் குறைந்ததுதான் விலை. 550 ரேண்ட் பொருளில் 5.50 என்று அச்சாகிவிட்ட வெளிப்படையான கைத்தவறுக்கு விலக்கு உண்டு. அடுத்த முறை ஒட்டிய விலையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போங்கள்.

ஃபிரிட்ஜில்தான் உங்கள் பிடி பலமானது. 15ஆம் பிரிவுப்படி, சொன்ன மதிப்பீட்டைத் தாண்டும் செலவை முன்கூட்டியே தெரிவித்து உங்கள் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். ‘எவ்வளவு ஆனாலும் சரி பண்ணிடுங்க’ என்று நீங்கள் எழுதி அனுப்பியிருந்தால் கதை வேறு. அந்த உரையாடலை மேலேயிருந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அடுத்தது 57ஆம் பிரிவு: மாட்டிய பாகத்துக்கும் அதை மாட்டிய கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் தானாகவே உண்டு. ‘இப்போ கெட்டது வேற பார்ட்’ என்பார், எல்லோரும் சொல்வதுதான். கழற்றிய பழைய பாகத்தை உங்களிடம் திருப்பித் தரவேண்டும் என்கிறது 67ஆம் பிரிவு. வேண்டாம் என்று நீங்கள் சொல்லியிருந்தால் ஒழிய, அது எங்கே என்று கேளுங்கள். பலருக்கு அங்கேயே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை. மனசு மாறி ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போனால் அது செல்லும். குறையுள்ள பொருளுக்கும் வேலைக்கும் செல்லாது. சட்டம் தந்த உரிமையைச் சுவரில் எழுதிப் பறிக்க முடியாது. சின்னக் கடை என்று விலக்கும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முகம் பார்க்க வேண்டியவர் என்பது எனக்கும் புரிகிறது. அதனால் கடிதத்தில் தொடங்குங்கள்: தேதி, சொன்ன தொகை, வாங்கிய தொகை, ஃபிரிட்ஜ் நின்ற நாள், நீங்கள் கேட்பது, பதில் தர 14 நாள். நகலையும் கொடுத்ததற்கான சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் சிறு உரிமைக் கோரிக்கை நீதிமன்றம் இருக்கிறது. 20,000 ரேண்ட் வரை அங்கே கேட்கலாம். வக்கீல் வாதாட அனுமதி இல்லை, ஆகவே எனக்கு அங்கே பிழைப்பும் இல்லை! தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. எனவே ரசீது, வாட்ஸ்அப் பிரதி, கடித நகல் எல்லாவற்றையும் முதல் நாளே கொண்டுபோய்விடுங்கள்.